கூட்ஸ் வண்டிக்கு நேரம் சொன்னவள்

ஜூன் 9, திங்கள்

உரக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக அரிசிப் பானை மூடிமேல் கிடந்தது. நல்ல சேதி வந்த பிறகு எழுத ஆரம்பிக்கலாம் என்று வைத்திருந்தேன். வந்துவிட்டது. நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் இருக்கட்டும்.

முதலில் பிள்ளைகள் விவரம். மகள் வயிற்றுப் பேத்தி பகவதி மஸ்கட்டில் நர்ஸ். பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது கத்தி எடுத்துக் கொடுப்பது அவள்தானாம். அவள் தங்கை சண்முகவடிவு கணக்கில் தங்க மெடல். எங்கள் வம்சத்தில் கணக்கு வந்தது அவள் ஒருத்திக்குத்தான். மகன் ஆவுடையப்பனின் பிள்ளை உலகநாதன். அவனைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். ரயில் எஞ்சினில் உதவி டிரைவர் பரீட்சை எழுதி, ஆயிரக்கணக்கான பேரில் தேறிவிட்டான். கண் பரிசோதனையும் முடிந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. ஒரு வழக்கும் இல்லாத பிள்ளை என்று எழுதி அனுப்பினால் ஆர்டர் வந்துவிடும். அவன் தாத்தா தண்டவாளத்தை நடந்தே பார்த்து, சாவி தட்டி இறுக்கும் கீமேனாக முப்பது வருஷம் இருந்தவர். அவர் நடந்த தண்டவாளத்தில் இவன் வண்டி ஓட்டப் போகிறான்.

உலகு ரயிலைப் படம் எடுத்துப் போனில் போடுவான். அறுபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். எங்கள் மேலப்பாறை வளைவை ஊரறியச் செய்தவன் அவன்தான். வீட்டு வாசலில் இறங்கினால் பாறைத்திட்டு. அதன் கீழே தண்டவாளம் வில் மாதிரி வளையும். பின்னால் மலை, கரண்ட் எடுக்கிற காற்றாடிகள், குளம். இப்போது கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பையன்கள் கேமராவோடு வருகிறார்கள். அந்த இடத்துக்கு 'ஆச்சி வளைவு' என்று பேர் வைத்திருக்கிறான். ஆச்சி என்றால் நான்.

ஜூன் 12, வியாழன்

காலையில் கொல்லத்துப் பையன்கள் இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு டம்ளர் மோர். எந்த வண்டி எப்போது என்று கேட்டார்கள். சொன்னேன்.

என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்கள் போகிற வண்டியெல்லாம் போனில் தெரியும். கூட்ஸ் வண்டி தெரியாது. உலகு என்னைப் பாறைமேல் நிற்க வைத்து ஒரு வீடியோ எடுத்தான். அதில் அவன் சொல்வான்: "எக்ஸ்பிரஸ் போன்ல காட்டும் மக்களே. கூட்ஸ் காட்டாது. கூட்ஸுக்கு எங்க ஆச்சியக் கேளுங்க." நான் வெட்கப்பட்டுக்கொண்டே, "தெக்கு ஸ்டேசன்ல மணி அடிச்சா இருவது நிமிசம்" என்பேன். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். பகவதியோடு வேலை செய்யும் மலையாளத்துப் பெண்கூட மஸ்கட்டில் பார்த்திருக்கிறாள்.

மே மாதக் கடைசியில் இரண்டாவது லைன் திறந்தார்கள். எஞ்சினுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எனக்கும் ஒரு லட்டு தந்தார்கள். புது லைன் எங்கள் வீட்டுப் பக்கம். கரண்ட் கம்பம் இப்போது பாறைக்கு நேராக நிற்கிறது. படத்தை மறைக்கிறது என்று பையன்களுக்குக் குறை.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்தது. பேய்க்காற்று. முருங்கை முறிந்தது. பையன்கள் ஏழு பேர்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று வளைவில் ஒரு பையன் வண்டியில் அடிபட்டுப் போய்விட்டான்.

ஜூன் 23, திங்கள்

பேர் நிரஞ்சன். ஊர் வேடசந்தூர். இருபத்தொரு வயது. எஞ்சினீயரிங் கடைசி வருஷம். போலீஸ்காரர் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும்.

வடக்கேயிருந்து சென்னை வண்டி பழைய லைனில் வந்தபோது, அவன் புது லைனில் நின்று அதைப் படம் எடுத்திருக்கிறான். பின்னால் தெற்கேயிருந்து புது லைனில் கூட்ஸ் வந்துவிட்டது. காற்றுச் சத்தத்தில் கேட்டிருக்காது.

நான் அப்போது அடுக்களையில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

போலீஸ்காரர் கேட்டபோது ஆவுடையப்பன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"எங்கம்மைக்குக் காது மந்தம் சார். உள்ள இருந்தா. ஒண்ணும் தெரியாது."

"அப்படியா பாட்டி?"

"ஆமாய்யா," என்றேன்.

எனக்குக் காது மந்தம் கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

பேப்பரில் வந்திருக்கிறது. 'செல்ஃபி மோகத்தில் மாணவர் பலி.' ஆவுடையப்பன் சத்தமாக வாசித்துவிட்டு, மடித்து அலமாரிமேல் வைத்தான். மருமகள் கோமு, "இந்தக் காலத்துப் பயலுவளுக்குக் கொழுப்பு" என்றாள்.

அவன் கையில் போன் இல்லை. பெரிய கேமரா. செல்ஃபி அதில் எப்படி எடுப்பது?

மாலையில் உலகு மதுரையிலிருந்து வந்தான். அங்கேதான் அறை எடுத்துப் படிக்கிறான். முகம் செத்துப் போயிருந்தது. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆச்சி, ஒன்ட்ட அவன் ஏதாச்சும் கேட்டானா? நேரம் ஏதும் கேட்டானா?"

"இல்லய்யா. நான் உள்ள உளுந்து ஆட்டிக்கிட்டுல்லா இருந்தேன்."

பெருமூச்சு விட்டான். என் மடியில் தலை வைத்துப் படுத்தான். பத்து வயதில் படுத்தது. "அந்த வீடியோவ நேத்தே அழிச்சுட்டேன் ஆச்சி. அத வச்சு எம்மேல கேஸு கீஸு போட்டா ஆர்டர் போச்சு."

"ஒனக்கு ஒண்ணும் ஆவாது," என்றேன்.

ஜூன் 25, புதன்

அந்தப் பையன் மோர் குடித்த டம்ளர் துவைக்கிற கல் பக்கத்திலேயே கிடக்கிறது. யாரும் எடுத்து வைக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

உலகுக்குப் போலீஸ் விசாரணை வந்தது. நல்ல மனிதர். காப்பி குடித்தார். பக்கத்து வீட்டில் கேட்டார். "தங்கமான பையன்" என்று எழுதிக்கொண்டார். போகும்போது, "நீங்கதான் அந்தக் கூட்ஸ் ஆச்சியா? எம்மவ உங்க வீடியோவப் பாத்திருக்கா" என்று சிரித்தார். கோமு கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தச் சாவு விஷயமான தாளிலும் இன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 'நான் வீட்டினுள் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை.' பேர் முழுதும் எழுதினேன். செண்பகவடிவு. எழுத்து கோணாமல் வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

பையன்கள் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். பதினோரு பேர் வந்தார்கள். பையன் செத்த இடம் எது என்று கேட்டு அதையும் படம் எடுத்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னலைத் தட்டி, "ஆச்சி, கூட்ஸ் எப்போ?" என்று ஒருவன் கேட்டான்.

ஜூலை 3, வியாழன்

வத்தல் காயப் போட்டிருந்தேன். காற்றில் பறந்துவிடாமல் துணிமேல் கல் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் மஞ்சள் பை. காலில் செருப்பு இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழற்றிப் பைக்குள் வைத்திருக்கிறார். ஏன் என்று பிறகு புரிந்தது. பிள்ளை செத்த இடத்துக்குச் செருப்புக் காலோடு வர அவருக்கு மனசில்லை.

"நான் நிரஞ்சனோட அப்பாங்க. சின்னராசு. வேடசந்தூரு."

ஆவுடையப்பன் உள்ளேயிருந்து வேகமாக வந்தான். "உக்காருங்க அண்ணாச்சி" என்று நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை.

"மில்லுல சூப்பர்வைசருங்க. லீவு இன்னிக்கித்தான் கெடச்சுச்சு. ஒரே ஒரு விசயம் கேட்டுட்டுப் போயிடறேன்." பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். பிரிண்ட் போட்டது, பெரிய அளவு. "கேமரா ஒடஞ்சிருச்சு. உள்ள இருந்த கார்டு தப்பிச்சிருச்சுங்க. இதுதான் கடைசி."

சென்னை வண்டி. வளைவில் பாதி திரும்பியிருக்கிறது. எஞ்சின் முகத்தில் வெயில். பின்னால் மலை, ஒன்பது காற்றாடி, குளத்துத் தண்ணீரில் வண்டியின் நிழல். கம்பம் எதையும் மறைக்கவில்லை. உலகு எடுத்த எந்தப் படமும் இந்த அளவுக்கு வந்ததில்லை. அதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வந்ததில்லை.

"எம்புள்ள செல்ஃபி எடுக்கலீங்க. பாத்தாத் தெரியுதுல்ல? தெருவுல நாலு பேரு சொல்றாங்க, உம்புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டே செத்தான்னு. அவங்கம்மா வீட்ட விட்டு வெளியே வரல. பேப்பர்க்காரங்ககிட்ட போனேன். போட்டது போட்டதுதான்னுட்டாங்க."

ஆவுடையப்பன் தலை குனிந்துகொண்டான்.

"அவன் அசட்டையான பையன் இல்லீங்க. எங்க படம் எடுக்கப் போனாலும் ரெண்டு பேருகிட்டயாச்சும் வண்டி நேரத்தக் கேப்பான். கேக்காம லைன்ல கால் வைக்க மாட்டான். அதான், அன்னிக்கி இங்க யாரு இருந்தா? யாருகிட்டயாவது கேட்டானா?"

"இங்க யாரும் இல்ல அண்ணாச்சி. நான் டூட்டிக்குப் போயிட்டேன். அம்மை உள்ள இருந்தா."

அவர் என்னைப் பார்த்தார். நான் வத்தல் துணிமேல் இன்னொரு கல்லை வைத்தேன்.

"சரிங்கம்மா," என்றார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். "வீட்டுல வச்சா அவங்கம்மா பாத்துக்கிட்டே இருக்கா. நீங்க வச்சுக்கங்க. இந்த எடத்துப் படம்தானே." பின்பக்கம் போன் நம்பர் எழுதியிருந்தது.

பாறைக்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பஸ் வந்ததும் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

அடுக்களையில் உளுந்து ஆட்டவில்லை. அன்று ஞாயிறு, நாங்கள் உளுந்து ஆட்டுவது சனிக்கிழமை.

அந்தப் பையன் ஏழரை மணிக்கு வந்தான். நீலச் சட்டை. செருப்பை வாசலுக்கு வெளியே விட்டு, "ஆச்சி, வீடியோல பாத்தேன், நேர்லயே பாத்துட்டேன்" என்று சிரித்தான். மோர் கொடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னான். டம்ளரைத் துவைக்கிற கல்லில் தானே கழுவி வைத்தான்.

"சென்னை வண்டி எட்டுப் பத்துதான ஆச்சி?"

"எட்டுப் பத்து."

"தெக்கேருந்து கூட்ஸ் ஏதும் இருக்குமா? போன்ல பாக்க முடியல. புது லைன்ல எறங்கி நின்னாத்தான் கம்பம் மறைக்காது. அதான் கேக்குறேன்."

"வராது. வடக்க இருந்து ஒரு வண்டி பொறப்பட்டாச்சுன்னா தெக்கருந்து எதையும் விட மாட்டான். தெக்கு ஸ்டேசன்ல பிடிச்சுப் போட்டிருப்பான். இது போய்ச் சேந்த பொறவுதான் அது கெளம்பும்."

இதுதான் நான் சொன்னது. நாற்பத்தாறு வருஷமாக இதுதான் உண்மை. ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி வருகிறதென்றால் எதிர் வண்டி ஸ்டேஷனில் காத்து நிற்க வேண்டும். கீமேன் பெண்டாட்டிக்கு இது சோறு தின்பது மாதிரி. அவருக்குச் சோறு கொண்டுபோவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆடு மேய்த்ததும் இதே கணக்கில்தான். இரண்டாவது லைனை என் கண் முன்னால்தான் போட்டார்கள். லட்டு தின்றேன். கண்ணுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை.

அவன் போய் லைனில் நின்றுகொண்டு மறுபடியும் திரும்பிப் பார்த்தான். காற்றில் கத்தினால் கேட்காது. கையை ஆட்டி, தெற்கே காட்டி, 'வராதுல்ல?' என்று கேட்டான். நான் பாறைமேலிருந்து கையை ஆட்டி, 'வராது, நில்லு' என்றேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வடக்கே திரும்பிக்கொண்டான்.

கூட்ஸ் வருவதை நான் பார்த்தேன். கத்தினேன். காற்று மலைப் பக்கமிருந்து அடித்து, என் சத்தத்தை என் பக்கமே திருப்பியது. சென்னை வண்டி அப்போதுதான் ஊதிக்கொண்டு வளைவுக்கு வந்தது. அவன் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் நான்தான் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

உலகு வந்திருந்தான். இட்லி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். எல்லாவற்றையும். ஆவுடையப்பனும் கோமுவும் பக்கத்தில் இருந்தார்கள். ஆவுடையப்பன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. போலீஸ்காரரிடம் எனக்குக் காது மந்தம் என்றபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

உலகு கையைக் கழுவவில்லை. எச்சிற்கையோடு உட்கார்ந்திருந்தான்.

"பத்து நாளு ஆச்சி. ஆர்டர் கைக்கு வரட்டும். பொறவு சொல்லிக்கலாம்."

"ஆர்டர் வந்த பொறவு டிரெயினிங்கு முடியட்டும்ப. பொறவு கலியாணம் முடியட்டும்ப."

"சொல்லி என்ன ஆவப் போவுது? நீ சொன்னா, வீடியோ போட்டது யாருன்னு கேப்பான். ஆச்சியக் கேளுங்கன்னு சொன்னது நாந்தான். ரயில்ல வேலைக்குப் போறவன் லைன்ல எறங்கச் சொன்னான்னு எழுதுனா, அவ்வளவுதான்."

கோமு அழ ஆரம்பித்தாள். "செத்தவன் திரும்பி வரப் போறானா அத்தை? இருக்கவன் வாயில மண்ணப் போடப் போறியளா? ஊரெல்லாம் பேரப்பிள்ள பெருமை பேசுன வாயி!"

"அவன் கேக்காமத்தான் செத்தான்னு ஊரு பேசுது கோமு. அவன் கேட்டான்."

"ஒனக்கு நான் முக்கியமா, ஊரு பேரு தெரியாத எவனோ ஒருத்தன் முக்கியமா?" என்றான் உலகு.

"ஊரு வேடசந்தூரு. பேரு நிரஞ்சன்."

அந்த நேரத்தில் வாசலில் பையன்கள் சத்தம். ஆறு பேர், புதுப் பையன்கள். ஒருவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. "ஆச்சி இருக்காங்களா? கூட்ஸ் டைம் கேக்கணும்." உலகு எழுந்துபோய், "ஆச்சிக்கு ஒடம்பு சரியில்ல, போங்கடா" என்று விரட்டினான். போனார்கள். எங்கே போனார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம், புது லைனில் நின்றார்கள். ஆவுடையப்பனும் பார்த்தான். உலகும் பார்த்தான். அவன்தான் முதலில் இறங்கி ஓடி, அவர்களைக் கையைப் பிடித்து மேலே இழுத்தான்.

சாயங்காலம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் மதுரைக்குப் போய்விட்டான்.

ஜூலை 7, திங்கள்

ஒன்பது மணி பஸ்ஸில் போலீஸ் ஸ்டேஷன் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பதினொன்றரை வரை பெஞ்சு. எழுத்தர் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"பாட்டி, கேஸ் முடிஞ்சாச்சு. அத்துமீறி லைன்ல நின்னான், அடிபட்டான். நீங்க சொன்னாலும் சொல்லாட்டாலும் அது மாறாது."

"நான் போட்ட கையெழுத்து பொய்யிய்யா."

"உங்களுக்கு வயசு என்ன?"

"எழுவத்தொண்ணு."

"வீட்டுக்குப் போங்க. வெயிலுக்கு முந்திப் போங்க."

சட்டத்துக்கு நான் வேண்டாமாம்.

ஜூலை 8, செவ்வாய்

படத்தின் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். சின்னராசுதான் எடுத்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.  

"அவங்கம்மாகிட்டச் சொல்லுங்க," என்றார். "எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லுங்க."

அந்த அம்மா பேர் விஜயா. அவளிடமும் அப்படியே சொன்னேன்.

"கேட்டானா?" என்றாள்.

"கேட்டான் தாயி. ரெண்டு தடவ கேட்டான்."

"கேட்டிருக்கான்!" என்று போனை விட்டுவிட்டுக் கத்தினாள். "ஏங்க, கேட்டிருக்கான்ங்க! நான் சொன்னேன்ல!" பெரிதாக அழுதாள். பிறகு போனை எடுத்து, அழாமல், நிதானமாகச் சொன்னாள்:

"உங்க வீட்டுல பசங்க இருக்காங்களா?"

"பேரன் இருக்கான். பேத்திக ரெண்டு."

"நல்லா இருக்காங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யார் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்லுகிற பதில் அது.

"எங்கிட்டச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சா? எம்புள்ளையப் பத்திச் சிரிச்சவங்க எல்லாரும் பாக்குற எடத்துல சொல்லுங்க. அதுக்கப்புறம் எனக்குப் போன் பண்ணாதீங்க. உங்க கொரலக் கேக்க முடியல."

வைத்துவிட்டாள்.

ஜூலை 9, புதன்

உலகு போன் எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்துப் பார்த்தேன். எல்லாரும் பார்க்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. அது அவன் கையில் இருக்கிறது. கீழே எழுதுவதை ஒரு தாளில் எடுத்தெழுதி, அந்தப் படத்தோடு கவரில் வைத்து ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பப் போகிறேன்.

உலகு,

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும். கண் விழிக்காதே.

உன் வேலை போய்விடும் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியாமலில்லை. போனாலும் போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குச் சட்டம் தெரியாது. உன்னைப் பற்றி ஊரில் நான் பேசின பெருமையெல்லாம் உண்மை. அதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு பையன்களை ஓடிப்போய் மேலே இழுத்தாயே, அதைத்தான் இனிமேல் யாரிடமும் சொல்வேன்.

ஆனால் அடுத்த ஞாயிறு நீ அங்கே இருக்க மாட்டாய். என்னால் அந்தப் பாறையில் ஓட முடியாது. வருகிறவர்கள் உன் படத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். ஆச்சிக்கு எல்லாம் தெரியும் என்று நம்பித்தான் வருகிறார்கள். வீடியோவை அழித்துவிட்டாய், பார்த்தவர்கள் மனசிலிருந்து அழிக்கவில்லை.

அதனால் புதுப் படம் ஒன்று போடு. இதோடு இருக்கிறது. நீ எடுத்ததைவிட நல்ல படம், நீயே பார்த்தால் சொல்வாய். எடுத்தவன் பேரைப் படத்துக்குக் கீழே போடுவது உங்கள் வழக்கம்தானே. நிரஞ்சன், வேடசந்தூர் என்று முழுதாகப் போடு. அதற்குக் கீழே நான் சொல்வதை எழுது. அழகுபடுத்தாதே:

'இது அவன் எடுத்த கடைசிப் படம். செல்ஃபி இல்லை. எடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை வண்டி நேரம் கேட்டான். மேலப்பாறை செண்பகவடிவு, வண்டி வராது, நில் என்றாள். தப்பாகச் சொன்னாள். அவளிடம் இனி யாரும் நேரம் கேட்க வேண்டாம்.'

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் போட்டுவிடு அய்யா.